வாளுக்குப் பக்கத்தில் சோற்றுப் பானையையும் வையுங்கள்

கோட்டைகளிலும் கண்டோன்மென்ட்களிலும் ராணுவ அருங்காட்சியகங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலர் தொல்லியல் துறை, சிலர் மாநில அருங்காட்சியகத் துறை, சிலர் ராணுவத்திலேயே பணியில் இருப்பவர்கள். தனித்தனியாக எழுதினால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டிவிடுவீர்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதராஸ் ராணுவம், அதாவது மதராஸ் மாகாணத்தின் பிரிட்டிஷ் படை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இந்த மண்ணில் இருந்தது. 1748-ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கடலூரில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியதிலிருந்து, 1895-ல் வங்காளம், பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று மாகாணப் படைகளும் ஒன்றாக்கப்பட்டது வரை. அந்தப் படையில் வேலை பார்த்த ஒரு சிப்பாய் தன் பணிக்காலத்தில் சண்டை போட்ட நாட்கள் கொஞ்சம்தான். மீதி நாட்களில் அவர் எங்கே படுத்தார், யார் கையால் சாப்பிட்டார், சம்பளத்தில் என்ன மிஞ்சியது, பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இதைச் சொல்வதற்கு உங்கள் கட்டடங்களில் ஒரு கூடம் ஒதுக்குங்கள். ஒரு மூலை கொடுத்தாலும் சரி, தொடங்குங்கள்.

‘அதெல்லாம் வீட்டு விஷயம், வரலாற்றுக்கு எதற்கு?’ என்று ஓர் அருங்காட்சியகத்தில் ஓர் ஊழியர் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், சலித்துக்கொள்ளாமல் எல்லா வாள்களையும் கூடவே வந்து காட்டியவர். அவர் கேள்விக்குப் பதிலாக வேலூரை எடுத்துக்கொள்கிறேன். அது எங்கள் ஊர்ப்பக்கம்.

வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் புரட்சி செய்த 1806 ஜூலை 10 எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. புதிய தலைப்பாகை, நெற்றியில் குறி வைக்கத் தடை, கடுக்கனுக்குத் தடை, தாடியை மழிக்கவும் மீசையைத் திருத்தவும் உத்தரவு. படைத் தளபதி ஜான் கிராடக், ஆளுநர் வில்லியம் பென்டிங்க் ஆகிய பெயர்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் ஒரு தலைப்பாகைக்காக இத்தனை பேர் உயிரைக் கொடுக்கத் துணிந்தது ஏன் என்று கேட்டால், ‘மத உணர்வு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

அந்த மத உணர்வு எங்கே வாழ்ந்தது என்று பார்க்க வேண்டும். மதராஸ் சிப்பாய் வங்காளச் சிப்பாயைப் போல மனைவி மக்களைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்தவர் அல்லர். அணிவகுப்பு முடிந்தால் குடிசைக்குத் திரும்புவார். அங்கே மனைவி, அம்மா, பிள்ளைகள், பக்கத்துக் குடிசைக்காரர், கடைத்தெரு எல்லாம் உண்டு. புதிய தலைப்பாகை பார்ப்பதற்குத் தொப்பி மாதிரி இருந்தது. தோலால் செய்த குஞ்சம் வேறு. படையில் அப்படித் தொப்பி போட்டவர்கள் பறை அடிக்கும் கிறித்தவர்களும் கலப்பினத்தவரும்தான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் என்ன ஏச்சு வரும், எந்த வீட்டில் சம்பந்தம் தடைபடும் என்பதெல்லாம் சிப்பாய்க்குத் தெரியும். மேலிடத்துக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள அவர்கள் மெனக்கெடவில்லை. இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்த மே மாதத்திலேயே வேலூரில் ஒரு பட்டாளம் தலைப்பாகையைப் போட மறுத்தது. ஆட்களைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பிக் கசையடி கொடுத்தார்கள். அவ்வளவு தெளிவாக எச்சரிக்கை வந்த பிறகும் உத்தரவை விடாப்பிடியாக வைத்திருந்தார்கள்.

அப்புறம் அந்த இரவு. குடும்பம் உள்ள சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே தங்கள் குடிசைகளில்தான் படுப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் பயிற்சி அணிவகுப்பு இருந்ததால் அன்று பெரும்பாலோர் கோட்டைக்குள்ளேயே படுக்க வேண்டியதாயிற்று. முந்தைய நாள், கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில், அவர் மகள் ஒருவருக்குத் திருமணம் வேறு. ஆக, அந்தப் புரட்சி ஏன் அந்த இரவில் வெடித்தது என்பதைப் புரிந்துகொள்ள, யார் எங்கே படுத்தார்கள் என்ற விவரம் தேவை. துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதாது. கோட்டைக்கு வெளியே குடிசைகள் எந்தப் பக்கம் இருந்தன, கடைத்தெரு எங்கே, கோட்டை வாசல் எத்தனை தூரம் என்று ஒரு வரைபடம் மாட்டியிருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் அன்று கொல்லப்பட்டார். பிள்ளைகளோடு ஒளிந்து தப்பிய அவர் மனைவி அமீலியா, தாங்கள் பட்ட பாட்டை எழுதி வைத்தார். அது பிறகு அச்சிலும் வந்தது. படிக்கும்போது யாருக்கும் மனம் இளகும். கோட்டைக்கு வெளியே இருந்த சிப்பாய் மனைவிகள் அன்று காலை ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி ஜில்லெஸ்பியின் குதிரைப்படை வந்ததைப் பார்த்திருப்பார்கள், கோட்டைக் கதவைப் பீரங்கி உடைத்த சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். உள்ளே பிடிபட்டவர்கள் சுவரோரம் நிற்கவைத்துச் சுடப்பட்ட பிறகு, உடலைக் கேட்டு யாராவது வாசலுக்குப் போனார்களா? அந்தப் பெண்கள் எழுதியது எதுவும் நம்மிடம் இல்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதையாவது ஒரு பலகையில் எழுதி வைக்கலாமே.

அடுத்த ஆண்டு பென்டிங்க்கையும் கிராடக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. உடை உத்தரவுகளும் போயின.

சரி, வேலூரை விடுவோம். அது எப்படியாவது நினைவில் இருந்துவிடும். நான் அதிகம் கவலைப்படுவது எந்தக் கலகமும் நடக்காத வருடங்களைப் பற்றி.

சிப்பாய் லைன் என்று சொல்கிறோமே, சிப்பாய்களின் குடிசை வரிசை, அதை அரசு கட்டிக் கொடுக்கவில்லை. குடிசை போட என்று ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். மூங்கில், கீற்று, மண் எல்லாம் வாங்கிச் சிப்பாய் தானே கட்டிக்கொள்ள வேண்டும். பட்டாளம் இடம் மாறினால் அந்தக் குடிசை போச்சு. புது ஊரில் திரும்பவும் முதலிலிருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் காலாட்படைச் சிப்பாயின் சம்பளம் மாதம் 7 ரூபாய். சாப்பாடு அதிலிருந்துதான். உடுப்பின் ஒரு பகுதிக்கும் அதிலிருந்துதான் பிடித்தம். 1895-ல்தான் அது 9 ரூபாய் ஆனது. இந்த 7 ரூபாயை ஒரு குடும்பம் எப்படிச் செலவழித்தது என்பதற்கு ஒரு கணக்குப் பலகை வையுங்கள். பார்வையாளர்கள் பீரங்கியைவிட அதன் முன்னால் அதிக நேரம் நிற்பார்கள் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

பட்டாளம் திருச்சியிலிருந்து பல்லாரிக்கோ செகந்திராபாத்துக்கோ போகிறது என்றால் ஓர் ஊரே நடந்து போகிறது என்று அர்த்தம். முன்னால் சிப்பாய்கள், பின்னால் மாட்டு வண்டிகளில் பெண்கள், குழந்தைகள், கிழவிகள், கோழிக் கூடைகள். மாட்டின் மேல் தோல் பைகளில் தண்ணீர் கொண்டுவரும் பக்காலி. கூடாரம் அடிக்கும் லஸ்கர். நோயாளியைச் சுமக்கும் டோலிக்காரர்கள். வண்ணார், நாவிதர், சக்கிலியர், கணக்குப்பிள்ளை, சாராயக் கடைக்காரர், வட்டிக்குக் கொடுப்பவர். மைசூர்ப் போர்களில் தானியத்தை மாட்டுப் பொதிகளில் கொண்டுவந்து சேர்த்த லம்பாடிகள் இல்லாவிட்டால் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டினத்தைக் கிட்ட நெருங்கியிருக்க முடியாது. இவர்களில் ஒருவருடைய படத்தையாவது உங்கள் சுவர்களில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. காரன்வாலிஸ் படத்துக்குக் குறைவில்லை.

இறந்துபோன அல்லது ஊனமாகிப்போன சிப்பாயின் மகனை ‘ரெக்ரூட் பாய்’ என்று பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் மதராஸ் படையில் இருந்தது. சின்னத் தொகை சம்பளம், கொஞ்சம் எழுத்துப் பயிற்சி, வயது வந்ததும் துப்பாக்கி. குடும்பம் பட்டினி கிடக்காமல் இருக்க அது ஒரு வழி. அடுத்த தலைமுறைச் சிப்பாயை லைனிலேயே வளர்த்தெடுப்பதும் நடந்தது. இதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை.

கடல் கடந்து போகும்போது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. சம்பளத்தில் ஒரு பங்கை ஊரில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு அப்போது உண்டு. 1824-ல் முதல் பர்மா போர். வங்காளச் சிப்பாய்கள் பலர் கப்பல் ஏற மறுத்ததால் சுமை மதராஸ் படை மேல் விழுந்தது. ரங்கூனை எளிதாகப் பிடித்துவிட்டார்கள். அதன் பிறகு மழை. காய்ச்சல், பேதி, கெட்டுப்போன உணவு. அந்தப் போரில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயில் செத்தவர்கள். சண்டையில் விழுந்தவர்களின் பெயரைச் சொல்ல நினைவுத் தூண்கள் இருக்கின்றன. பேதியில் போனவருக்குத் தூண் எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

இந்தப் படையின் சாப்பாடு உலகப் புகழ் பெற்றது ஒரே ஒரு முறைதான். 1751-ல் ஆர்க்காடு முற்றுகை. கையிருப்பு குறைந்தபோது, சோற்றை வெள்ளைக்காரர்கள் சாப்பிடட்டும், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்களே தங்கள் தளபதி ராபர்ட் கிளைவிடம் சொன்னதாக ஆங்கில எழுத்தாளர் மெக்காலே 1840-ல் எழுதினார். அது அப்படியே பரவி விசுவாசத்துக்கு உதாரணக் கதை ஆகிவிட்டது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வேறொரு சந்தேகம் வரும். அந்தச் சோற்றை வடித்தது யார்? கஞ்சி யாருக்கு, பருக்கை யாருக்கு என்று அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் யார்?

இந்தச் சந்தேகம் எனக்கு வருவதற்குக் காரணம் உண்டு. என் அப்பா ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவரைப் பார்க்கிற எவரும் கேட்பது, ‘எந்தச் சண்டையில இருந்தீங்க?’ என்றுதான். அப்பா சிரித்துக்கொண்டே ‘லங்கர்ல இருந்தேன்’ என்பார். லங்கர் என்றால் ராணுவச் சமையற்கூடம். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். உயரமான மலையில் பருப்பு வேகாது, பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்பதையும், அரிசி சாப்பிடுகிறவர்களுக்கும் ஆட்டா சாப்பிடுகிறவர்களுக்கும் ரேஷன் கணக்கே வேறு என்பதையும், படா கானா என்ற பெரிய விருந்து நாளில் அதிகாரியும் ஜவானும் ஒரே பந்தியில் உட்காரும்போது முதல் நாள் ராத்திரி லங்கரில் யாரும் தூங்குவதில்லை என்பதையும் நான் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பள்ளியில் இதையெல்லாம் சொல்லியிருந்தால் ராணுவப் பாடம் எனக்கு இன்னும் நன்றாகப் பிடித்திருக்கும்.

உங்கள் கூடத்தில் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். அதற்குச் சென்னையில் பிரமாதமான கதை இருக்கிறது. 1787-ல் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பெண் குழந்தைகளுக்கு ஒரு விடுதி, 1789-ல் ஆண் குழந்தைகளுக்கு எழும்பூர்ப் பழைய கொத்தளத்தில் ஒரு விடுதி. அங்கே இருந்த பையன்களில் பெரும்பாலோருக்கு அப்பா வெள்ளைக்காரச் சிப்பாய், அம்மா இந்தியப் பெண். பொறுப்பாளராக வந்த ஆண்ட்ரூ பெல்லுக்கு ஆசிரியர்களோடு ஒத்துப்போகவில்லை. நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதை விடுதியில் புகுத்தினார். பெரிய ஆசிரியர்கள் முகம் திருப்பிக்கொண்டதும், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற ஒரு சிப்பாயின் மகனை மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். சட்டாம்பிள்ளை முறைதான், நமக்குப் புதிதில்லை. 1797-ல் அவர் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் ஒரு பள்ளிக்கு மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர். எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதில் கசப்பான பகுதியும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். அம்மாவின் வளர்ப்பிலிருந்து பிள்ளையைப் பிரிப்பது அந்த விடுதிகளின் நோக்கங்களில் ஒன்றாகவே இருந்தது. இந்தியத் தாயிடம் வளர்ந்தால் கெட்டுப்போவான் என்பது பெல் உட்படப் பலருடைய நம்பிக்கை. மணலில் எழுதும் முறையை இங்கிருந்து எடுத்துக்கொண்டவர் அம்மாவை வேண்டாம் என்றார்.

பெண்களைப் பற்றிப் பேச நீங்கள் தயங்குவீர்கள் என்று தெரியும். கண்டோன்மென்ட் இருந்த ஊர்களில் லாக் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. பாலியல் தொழில் செய்வதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்களைப் பதிவு செய்து, கட்டாயப் பரிசோதனை செய்து, நோய் இருந்தால் அடைத்து வைக்கும் இடம். 1864-ன் கண்டோன்மென்ட் சட்டமும் 1868-ன் தொற்றுநோய்ச் சட்டமும் அதற்கு அதிகாரம் கொடுத்தன. வெள்ளைக்காரச் சிப்பாயைப் பாதுகாப்பதுதான் குறிக்கோள். அவனுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. எதிர்ப்புக்குப் பிறகு 1888-ல் அந்தத் தொற்றுநோய்ச் சட்டம் ரத்தானது. இந்த ஆஸ்பத்திரிகளைப் பற்றி மதராஸ் அரசு ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டது. எத்தனை பெண்கள், எத்தனை பேர் ‘ஓடிப்போனவர்கள்’ என்று பட்டியல் போட்டு. பள்ளிக் குழந்தைகள் வரும் இடத்தில் இதை எப்படி வைப்பது என்ற கேள்வி நியாயமானது. பெரியவர்களுக்கான தனிப் பலகை வைக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் விடுவதற்கு அது காரணமாகாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அம்பேத்கர் 1891-ல் பிறந்தது மத்திய இந்தியாவின் மௌ கண்டோன்மென்ட்டில். அவர் அப்பா ராம்ஜி சக்பால் பம்பாய்ப் படையில் சுபேதார், ராணுவப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். வெளியே பள்ளி வாசலை மிதிக்க முடியாத மக்களுக்குப் பட்டாளப் பள்ளியில் எழுத்துக் கிடைத்தது. எம். சி. ராஜா 1883-ல் பிறந்தது நம் பரங்கிமலையில், பீரங்கிப் படையின் ஊரில். அவர் அப்பா சின்னத்தம்பிப் பிள்ளை, சிப்பாய்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட லாரன்ஸ் அசைலத்தில் வேலை பார்த்தவர். தலித் அரசியலின் இரண்டு பெரிய தலைவர்களுக்கும் பின்னால் ஒரு ராணுவ ஊழியம் நிற்கிறது. இது தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. மதராஸ் படையிலும், பாதை போடுவது, பாலம் கட்டுவது போன்ற வேலைகளைச் செய்யும் பயனியர், சாப்பர் பிரிவுகளிலும் சேர்ந்த பறையர் குடும்பங்களுக்கு 7 ரூபாய்ச் சம்பளம் என்பது பண்ணையாரைப் பார்க்காமல் வாழ ஒரு வழி. எந்தப் போரில் ஜெயித்தார்கள் என்பதைவிட அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் முக்கியம்.

அந்த வழியும் அடைபட்டது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாயிடம் பழைய போர்க்குணம் செத்துவிட்டது என்று முடிவு கட்டினார். நீண்ட காலம் சண்டையில்லாமல் இருந்ததே காரணம் என்றார். பிறகு அவர் இந்தியா முழுமைக்கும் தளபதி ஆனபோது அந்தக் கருத்து கொள்கையாயிற்று. வடமேற்கு எல்லைக்கு ஆள் வேண்டும், அதற்கு ‘போர்ச் சாதி’ வேண்டும் என்று மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன அல்லது வடநாட்டவரால் நிரப்பப்பட்டன. 1920-களின் இறுதியில் காலாட்படையில் மதராஸ் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. பெங்களூரில் சாப்பர் ‘தம்பி’கள் மட்டும் தாக்குப் பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போர் நெருக்கியபோது மதராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்ப வேண்டிவந்தது.

சண்டை இல்லாமல் லைனில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள் என்பதையே குற்றமாக எழுதி ஒரு படையைக் கலைத்தார் ராபர்ட்ஸ். வாளும் துப்பாக்கியும் மட்டும் வைத்து அந்தப் படையைக் காட்டும்போது, சண்டை நாள்தான் கணக்கு என்ற அவருடைய அளவுகோலை நாமும் கையில் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு உங்கள் மேல் உள்ள பெரிய வருத்தம் இதுதான்.

இப்படிக் காட்டினால் மக்கள் வருவார்களா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் வடக்கே ஹாட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் விந்தோலாந்தா என்ற ரோமானியக் கோட்டை இருக்கிறது. 1973-லிருந்து அங்கே மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்து வருகின்றன, ஏறத்தாழ கி.பி. 100-ஐ ஒட்டியவை. போர்ச் செய்தி அவற்றில் சொற்பம். ஒரு தளபதியின் மனைவி கிளாடியா செவெரா, இன்னொரு தளபதியின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு வரச்சொல்லி எழுதியிருக்கிறார். வேறொன்றில், காலுறையும் இரண்டு ஜோடிச் செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியிருக்கிறேன் என்று யாரோ சிப்பாய்க்கு எழுதியிருக்கிறார்கள். சேற்றுக்குள்ளிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட காலணிகள் வந்திருக்கின்றன. அவற்றில் குழந்தைகளின் செருப்புகளும் உண்டு. ரோமானியச் சட்டப்படி அந்தக் காலத்தில் சாதாரணச் சிப்பாய் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது. சட்டம் சொன்னது ஒன்று, சேறு சொல்வது ஒன்று. உலகமெங்கிலுமிருந்து ஆட்கள் அந்தச் செருப்புகளைப் பார்க்க வருகிறார்கள்.

நமக்குச் சேற்றைத் தோண்டும் வேலைகூட இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ராணுவத் துறைத் தொகுதிகள் வரிசையாக இருக்கின்றன. அதிலிருந்து ஒரு விதவையின் மனுவை, ஒரு பக்காலியின் சம்பளப் பட்டியலை, ஒரு கடைத்தெருத் தகராறை எடுத்து, எளிய தமிழில் பெயர்த்துச் சுவரில் மாட்டினாலே பாதிக் கூடம் நிறைந்துவிடும்.

அவசரமான வேலை ஒன்றும் இருக்கிறது. கண்டோன்மென்ட்களில் உள்ள குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்து உள்ளாட்சிகளோடு சேர்க்கும் வேலையை மத்திய அரசு தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் பரங்கிமலை-பல்லாவரம், வெலிங்டன் என்று இரண்டு கண்டோன்மென்ட் வாரியங்கள். அலுவலகம் கைமாறும்போது மேசையும் நாற்காலியும் பத்திரமாகப் போகும்; பழைய கடைத்தெரு வாடகைப் பேரேடு, துப்புரவுப் பணியாளர் பதிவேடு, தண்ணீர் வரிப் புத்தகம் எல்லாம் எடைக்குப் போய்விடும். நிர்வாகத்துக்கு அது குப்பை. உங்களுக்கு அதுதான் மூலப்பொருள். தயவுசெய்து ஆள் அனுப்பி முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

ஊர்களில் இருக்கும் முதல் உலகப் போர்க் கல்வெட்டுகளையும் பாருங்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இரண்டே எண்கள் இருக்கும். போனவர்களில் துப்பாக்கி தூக்காதவர்களும் உண்டு: சுமை தூக்கியவர்கள், ரோடு போட்டவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள், சமைத்தவர்கள். திரும்பி வந்தவர்களின் வீடுகளில் ஏதாவது ஒரு தட்டு, ஒரு கம்பளி, ஒரு பென்ஷன் காகிதம் கிடைக்கலாம்.

கடைசியாக, இன்று உயிரோடு இருப்பவர்கள். எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் போன ஊர்கள் உண்டு. 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்று ராணுவ அஞ்சலக முகவரி எழுதிக் கடிதம் போட்ட மனைவிகள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். மணியார்டர் வந்த நாளில் யாருக்கு எவ்வளவு பங்கு போனது, வருடத்துக்கு ஒரு முறை லீவில் வந்த அப்பாவைப் பார்த்துப் பிள்ளை பயந்து அழுதது, கறுப்பு டிரங்குப் பெட்டியில் கேன்டீன் சோப்போடு என்னென்ன வந்தது, தந்திக்காரர் தெருவில் நுழைந்தால் எந்தெந்த வீட்டில் கதவு திறக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரு ரெக்கார்டரோடு வந்தால் போதும். எங்கள் ஊரில் பேசச் சம்மதித்திருக்கும் பெண்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. முறையாகக் கேட்டால் தருகிறேன். அப்பாவின் பெரிய அலுமினியக் கரண்டியையும் ரேஷன் கணக்கு நோட்டையும் காட்சிக்குத் தர அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், ரசீது வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வரும்போது பெண் ஊழியர் யாரையாவது அனுப்புங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல், சமையல் வேலை முடிந்த பிறகு வந்தால் நல்லது. வீட்டு ஆண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் பேச்சு திரும்பவும் கார்கிலுக்கும் பங்களாதேஷுக்கும் போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவச் சமையல்காரர் ஒருவரின் மகள்,
வேலூர் மாவட்டம்